இரண்டாவது ஸ்குரு

அவசரம்தான் பெல்லார்மினை முதலில் உறுத்தியது. மோட்டார் புகைந்துபோய் மாதங்கள் ஆகிவிட்டன. அந்தக் குட்டிப் பொம்மை ரயில் எஞ்சின் முன்னறை மேசையில் தண்டவாளத்தின் மேல் செத்த வண்டைப்போல நின்ற இடத்திலேயே நின்று தூசி வாங்கிக்கொண்டிருந்தது, அப்போதெல்லாம் யார் கண்ணிலும் அது படவில்லை, இன்றைக்கு மட்டும் என்ன வந்தது, ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் போய் வந்த கையோடு மருமகள் டெல்பின் மேசைமேல் வெள்ளைத் துணியை விரித்து, விளக்கை இழுத்து வைத்து, தன் ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த, இடுக்கி போன்ற சாமணங்களைப் பெரிசு சிறிசாக வரிசைப்படுத்தி உட்கார்ந்துவிட்டாள். “இன்னைக்கு மாத்திருவோம் மாமா,” என்றாள். என் கை சரியானதும் நானே மாத்திக்கிடுவேன் என்று அவர் எத்தனை தடவை சொல்லியிருக்கிறார், அவளுக்குத் தெரியாதா, ரெண்டு மாதம் பொறுக்க முடியாதா, அதற்குள் என்ன குடி முழுகிவிடும். வாயைத் திறந்தால் வார்த்தை ஒரு பக்கமாக வழுக்கிக்கொண்டு போய்விடுகிறது என்பதால் அவர் “ம்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் பிரம்பு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மடியில் தலையணை, தலையணைமேல் வலது கை. அந்தக் கையை அவர் பார்ப்பதில்லை. பக்கவாதம் வந்த நாளிலிருந்து அது யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன சாமான் மாதிரி அங்கே கிடக்கிறது, விரல்கள் தானாகவே உள்ளுக்குச் சுருண்டு, எதையோ கொடுக்கமாட்டேன் என்று இறுக்கிப் பிடித்திருப்பதுபோல. வலு வரும், பயிற்சிக்குக் கொடுத்த பந்தை அமுக்க அமுக்க வரும், மகன் ரினோல்ட் தினமும் சாயங்காலம் சொல்கிறான், நேத்தைக்கு இன்னைக்குத் தேவல இல்லப்பா என்று. தேவலைதான். ஆவணி பிறக்கட்டும், இந்த எஞ்சினை இந்தக் கையாலேயே பிரித்துப் போடுவேன் என்று மனசுக்குள் நாள் குறித்து வைத்திருந்தார், அதைத்தான் இவள் தட்டிப் பறிக்கிறாள்.

டெல்பின் பல் டாக்டர். கண்ணாடியின் மேல் இரண்டு குட்டித் தொலைநோக்கிகள் முளைத்தது போன்ற ஒன்றை மாட்டிக்கொண்டு வேலை செய்கிறாள், வாய்க்குள் பார்க்கப் போடுவது. அதைப் போட்டுக்கொண்டால் அவள் கண் தெரிவதில்லை. கண் தெரியாத ஆளை எப்படி நம்புவது. கப்பலில் எஞ்சின் ரூம் வேலையிலிருந்த காலத்தில் முதல் நாளே அவர் அதைத்தான் பார்ப்பார், புதிதாக ஏறுகிற எண்ணெய்க்காரன் அளவுமானியைப் பார்த்து எழுதுகிறானா, பார்க்காமல் எழுதுகிறானா, கண்ணைப் பார்த்தால் தெரிந்துவிடும். ஒரு தடவை ஏதோ ஒரு துறைமுகத்தில் எண்ணெய் ஏற்றினார்கள், எல்லாரும் கையெழுத்துப் போட்டாயிற்று, இவர் மட்டும் இல்லை, இதில் தண்ணீர் கலந்திருக்கு என்றார், சீஃப் எஞ்சினியர் சிரித்தார், பெல்லார்மினுக்குத் தண்ணியைப் பாத்தாலும் சந்தேகம் எண்ணெயைப் பாத்தாலும் சந்தேகம் என்று மெஸ்ஸில் ஒரே கேலி. நடுக்கடலில் எஞ்சின் இருமத் தொடங்கியபோது ஒருத்தனும் சிரிக்கவில்லை. அன்றையிலிருந்து அவர் தன் சந்தேகத்தை ஒரு புலனாகவே வைத்துக்கொண்டார், மூக்கு மாதிரி, காது மாதிரி. அந்த மூக்கு இப்போது சொல்கிறது, இந்த வீட்டில் ஏதோ கலந்திருக்கிறது. டெல்பின் எஞ்சினின் மேல்கூட்டை நகத்தால் நெம்பிக் கழற்றினாள், கட்டைவிரல் நீளம்கூட இல்லாத அந்தக் கூடு துணிமேல் கவிழ்ந்தது. உள்ளே இரண்டு உலோகப் பாதிகள், இரண்டுக்கும் நடுவே சாண்ட்விச்சில் வைத்த மாதிரி மோட்டார், பாதிகளைச் சேர்த்துப் பிடிப்பது இரண்டே இரண்டு ஸ்குரு. எள்ளுக்கு வால் முளைத்தால் எப்படியிருக்கும், அந்த அளவு. ஜப்பானில் கோபே துறைமுகத்துக்குப் பின்னாலிருந்த கடையில் ஒரு கிழவன் இந்த எஞ்சினைக் கையில் வைத்துக் காட்டியபோது ஜன்னல் வெளிச்சத்தில் அதன் பக்கத்துச் சிவப்புக் கோடு மின்னியது, எஞ்சின் ரூமில் மூன்று மாடி உயர எஞ்சினோடு மல்லுக்கட்டுகிற ஆளுக்கு உள்ளங்கையில் அடங்குகிற எஞ்சின் மேல் ஒரு ஆசை வந்துவிட்டது. டெல்பின் நகப்பாலிஷ் குப்பியைத் திறந்து பழைய மோட்டாரின் தலையில் ஒரு சிவப்புப் பொட்டு வைத்தாள், எந்தப் பக்கம் மேலே என்று தெரிந்துகொள்ளவாம். கெட்டிக்காரிதான். ஆனால் புது மோட்டாருக்கு எது தலை, எது கால், அது எப்படித் தெரியும். தலைகீழாகப் போட்டால் காந்தம் மாறிப்போய் எஞ்சின் முன்னால் போ என்றால் பின்னால் போகும். அது அவருக்குத் தெரியும். கேட்கட்டும், கேட்டால் சொல்லலாம். கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. பார்ப்போம்.

கருகின வாடை லேசாக வந்தது. பழைய மோட்டாரை அவள் சாமணத்தால் தூக்கி விளக்குக்கு நேரே பிடித்து, “கம்பிச் சுத்து எல்லாம் வெந்துபோயிருக்கு மாமா, பாத்தியளா,” என்று அவர் பக்கம் நீட்டினாள். பார்த்தார். வெந்ததா, வேகவைத்ததா. அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இந்த அறையில் யார் யார் வந்தார்கள், யார் ஓட்டினார்கள், அது யாருக்குத் தெரியும், அவர் வீடு திரும்பி இடது கையால் குமிழைத் திருகினபோது புகை வந்தது, அவ்வளவுதான். இப்போது புது மோட்டார். சிங்கப்பூரிலிருக்கிற அவள் தம்பி மூலம் வரவழைத்தது, வரவழைக்கச் சொன்னது யார், அவர் சொல்லவில்லை. ஓடாத பொருளை யாரும் வாங்கமாட்டார்கள், ஓடினால் வாங்குவார்கள், இந்த மாதிரிப் பழசுக்கு இண்டர்நெட்டில் ஆட்கள் அலைகிறார்கள் என்று ரினோல்டே ஒருநாள் சொன்னான், சாப்பிட்டுக்கொண்டே சொன்னான், சும்மா சொன்னது போலத்தான் சொன்னான். அதற்கு மறுவாரம் அடுக்களையில் அவனும் அவளும் குரல் தணித்துப் பேச்சு, இவர் வந்தது தெரிந்ததும் குழாயைத் திறந்துவிட்டார்கள், ஆனால் இவர் காதில் ஒரு துண்டு விழுந்துவிட்டது, “மேசையை எடுத்துரலாம்.” மேசையை எடுத்தால் அறை காலி. அறை காலியானால் நாற்காலி எதற்கு, நாற்காலியில் உட்காருகிற ஆள் எதற்கு. கன்னியர் மடத்துக்குப் பக்கத்தில் வயசானவர்களுக்கு ஒரு இல்லம் இருக்கிறது, அங்கே வேப்ப மர நிழலில் வரிசையாக நாற்காலி போட்டு உட்காரவைத்திருப்பார்கள், எல்லாரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு, போன வருஷம் கிறிஸ்துமஸுக்கு கேக் கொடுக்கப் போனபோது பார்த்தார், ஒருத்தர் இவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. விடாத அந்தப் பிடி. இப்போது நினைத்தாலும் மணிக்கட்டில் இருக்கிறது, இடது மணிக்கட்டில், வலதில் எதுவும் இல்லை. இந்த வீட்டில் அவரிடம் மறைப்பது ஒன்றும் புதுப் பழக்கமில்லை. கப்பலிலிருந்த காலத்தில் ஒரு தடவை மார்செய் துறைமுகத்திலிருந்து ட்ரங்க் கால் போட்டுக் காத்துக் கிடந்து ஜெசிந்தாவிடம் பேசினார், அவர் மனைவி, இப்போது அவளும் இல்லை, “அம்மா எங்க, அம்மாட்ட குடு” என்றதற்கு “அம்மா தூங்குதாங்க” என்றாள், இரைச்சலுக்கு நடுவே எவ்வளவு தெளிவாகச் சொன்னாள். அம்மாவை அப்போது அடக்கம் பண்ணி ஒரு மாதம் ஆகியிருந்தது. ஒப்பந்தம் முடிந்து கம்பளிச் சால்வையும் மூட்டுவலித் தைலமுமாக வந்து இறங்கினவரை வாசலில் நிறுத்தித்தான் சொன்னார்கள். நடுக்கடலில் தெரிஞ்சு நீங்க என்ன செய்யப் போறிய, அதான் சொல்லலை என்றாள் ஜெசிந்தா, அது நியாயம்தான், அந்த நியாயத்துக்காக அவளைச் சாகிறவரை மன்னிப்பதில்லை என்றிருந்தார், அவள்தான் முந்திக்கொண்டு போய்விட்டாள்.

வாசலில் மணியடித்தது. “மீன்காரியா இருக்கும்,” என்று டெல்பின் தொலைநோக்கியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு எழுந்தாள், “எதையும் அசைச்சிராதிய மாமா, காத்து வேற அடிக்கி,” என்று ஜன்னலைச் சாத்திவிட்டுப் போனாள். மேல்காற்று ஜன்னல் பலகையைத் தட்டித் தட்டிப் பார்த்தது. துணிமேல் எல்லாம் கிடந்தன, கூடு, இரண்டு பாதிகள், சக்கரச் சட்டம், ஒரு குப்பி மூடிக்குள் இரண்டு ஸ்குரு. மூடி அவர் பக்கம்தான் இருந்தது. ஏன் அப்படிச் செய்தார் என்று கேட்டால் அவரிடம் பதில் உண்டு, உடனே உண்டு. ஸ்குரு ஒன்று காணாமல்போனால் அவள் என்ன சொல்வாள் என்று பார்க்கத்தான். விற்கிறவள் என்றால் எங்கேயாவது ஒட்டுப்போட்டு மூடிவிடுவாள், வெளியே தெரியாது, வாங்குகிறவனுக்கு என்ன. அல்லது, ஐயோ மாமா, இது இனி ஆகாது, தூக்கிப் போட்டுருவோம் என்பாள், மேசையும் போகும். இரண்டில் எது என்று தெரிந்துவிடும். முன்னால் குனிந்து, இடது கைச் சுட்டுவிரல் நுனியை நாக்கில் ஈரப்படுத்தி, மூடிக்குள் ஒற்றினார், விரலோடு ஒரு ஸ்குரு வந்தது. அதை வைத்துக்கொள்ள இடம் வேண்டும். சட்டைப் பையைச் சோதிப்பாள். வலது கையின் சுருண்ட விரல்களை நகர்த்தி உள்ளங்கைக்குள் அதை உதறிவிட்டு, விரல்களை மறுபடியும் மடித்துவிட்டார். யாரும் தேடாத இடம். வாசலிலிருந்து அவள் குரல் கேட்டது, மீன்காரியிடம் இல்லை, போனில். “எங்க இருக்கிய... இன்னைக்குச் சொல்லிரலாம்ங்க... எவ்வளவு நாளைக்கு... நீங்களே சொல்லுங்களேன், எனக்கு வாய் வரலை... இல்ல இல்ல, மேசையை இப்ப எடுக்க வேண்டாம், நான்தான் சொன்னேன்ல...” அதற்குமேல் மீன்காரி குரல் குறுக்கே வந்து விழுந்தது, ஊளியா சீலாவா என்று. சொல்லிரலாம். என்னது. வேப்ப மரமா. இன்றைக்கு என்று முடிவு செய்துவிட்டுத்தான் மோட்டாரைக் கையில் எடுத்திருக்கிறாள், பல்லைப் பிடுங்குவதற்கு முன்னால் ஊசி போடுகிற மாதிரி, இது ஊசி. அவர் நெஞ்சு அடித்துக்கொண்டது, கழுத்தில் கேட்டது, காதில் கேட்டது, டீசல் அடிப்பதுபோல ஒரே சீராக இல்லாமல் ஒன்று விட்டு ஒன்று.

வந்தாள். கை கழுவின ஈரம், மீன் வாடையும் சோப்பு வாடையும். அவரைப் பார்த்ததும், “என்ன மாமா, இப்படி வேர்த்திருக்கு,” என்று மின்விசிறியைக் கூட்டப் போனவள் துணியைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள், துண்டை எடுத்து அவர் நெற்றியைத் துடைத்தாள், சரிந்திருந்த தலையணையை மேலே இழுத்து அந்தக் கையை நேராக வைத்தாள். மறுபடி கண்கள் தொலைநோக்கிக்குள் போயின. புது மோட்டார் கொஞ்சம் நீளம் போலிருக்கிறது, ஓரத்தை அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்தாள், பொடியை ஊதாமல் ஈரப் பஞ்சில் ஒற்றி எடுத்தாள், அது சரிதான், ஊதினால் போச்சு. மோட்டார் தண்டின் முனையிலிருக்கிற புரிபோட்ட பித்தளைத் துண்டைப் பழையதிலிருந்து உருவிப் புதியதில் ஏற்றினாள், மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏற்றினாள், அவரும் தன்னையறியாமல் மூச்சைப் பிடித்தார். ஒரு சொட்டு எண்ணெய், ஊசி முனையில். இரண்டு பாதிகளையும் சேர்த்தாள். முதல் ஸ்குருவை வைத்தாள், திருகினாள். அடுத்ததற்குச் சாமணத்தை மூடிக்குள் விட்டாள். சாமணம் மூடியின் அடியில் தட்டியது, மறுபடி தட்டியது. “ஒண்ணைக் காணமே,” என்றாள் தனக்குத்தானே. இதோ. இப்போது பார். அவர் அவள் வாயையே பார்த்தார். அவள் ஒட்டுப்போடவில்லை, ஆகாது என்றும் சொல்லவில்லை. சேரை மெதுவாகப் பின்னால் நகர்த்தி, தான் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்து, சேலை மடிப்பை ஒவ்வொன்றாகப் பிரித்து உதறி, செருப்பைக் கழற்றி அடியைப் பார்த்து, பிறகு தரையில் முட்டிபோட்டுவிட்டாள். “ரெண்டையும் நாந்தான மூடிக்குள்ள போட்டேன். கதவத் திறந்தேன்ல, காத்துல போயிருக்கும். எனக்குப் புத்தியே கிடையாது மாமா. வேற எஞ்சின்லயும் இந்த மாதிரி ஸ்குரு கிடையாதே.” அவள் தன்னைத் திட்டிக்கொண்டது அவருக்குப் பிடிக்கவில்லை. திட்டு அவர்மேல் வந்திருந்தால் தாங்கியிருக்கலாம்.

இது நடிப்பாகவும் இருக்கலாம். ஏன் இருக்கக்கூடாது. முட்டிபோட்டுத் தேடுகிற மருமகள், பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவள் முதுகைப் பார்த்தால் நடிக்கிற முதுகு மாதிரி இல்லை, ஒரு பக்கம் வலி இருக்கும்போல, இடுப்பில் கைவைத்து வைத்து நகர்கிறாள், நாள் முழுக்கக் குனிந்து அடுத்தவர் வாயைப் பார்க்கிற முதுகு. கழுத்துச் செயினில் கோத்திருந்த மாதா பதக்கம் தரையில் உரசி உரசிச் சத்தம் போட்டது. போதும். கொடுத்துவிடலாம். கொடுப்பதென்றால் எப்படி, நான்தான் எடுத்து வைத்திருந்தேன் என்றா, முடியாது, அதைவிட வேப்ப மரமே மேல். தரையில் போட்டுவிடலாம், நாற்காலிக் காலடியில், தேடிக்கொண்டே வருகிறவள் கண்டுபிடித்துவிடுவாள், அம்மாடி என்பாள், முடிந்தது. அவள் அலமாரிக்கு அடியில் தலையை நுழைத்த சமயம் அவர் இடது கையால் வலது கையின் விரல்களை நெம்பினார். அவை முன்னைவிட இறுகியிருந்தன. பாதி திறந்தன. குனிந்து பார்த்தார், கண்ணாடி மேசையில் இருக்கிறது, மங்கலாகத் தெரிந்தது உள்ளங்கை, வெளுத்து, ஈரமாக. ஒன்றுமில்லை. உதறினார். ஒன்றும் விழவில்லை. இடது விரலால் தடவினார், அங்கே வழவழப்பு, ஸ்குரு இல்லை. வைத்தேனா. வைத்தேன். வைத்தது நினைவிருக்கிறது, ஆனால் வைத்தது இடது விரலுக்குத்தானே தெரியும், வாங்கிக்கொண்டேன் என்று வலது சொல்லவில்லையே. அப்போதே விழுந்திருக்குமா. விழுந்தாலும் தெரிந்திருக்காதே. இல்லை, இல்லை. அவள் வந்தாள், தலையணையை இழுத்தாள், இந்தக் கையைத் தூக்கி நேராக வைத்தாள். எடுத்துவிட்டாள். கை தேர்ந்தவள், அடுத்தவன் வாய்க்குள்ளிருந்து அவனுக்கே தெரியாமல் எடுக்கிறவள், இந்தக் கையிலிருந்து எடுக்க எவ்வளவு நேரம். அப்படியானால் இப்போது தரையில் தேடுவது எதை. தேடுவது இல்லை, காட்டுவது. தெரியும் மாமா, எனக்குத் தெரியும், நீங்களாகச் சொல்கிறீர்களா பார்ப்போம் என்று. தான் அவளுக்கு வைத்த பரீட்சையை அவள் தனக்கு வைக்கிறாள். மெசினில் சத்தம் மாறினால் எங்கே என்று அவரால் சொல்ல முடியும், எந்த சிலிண்டர், எந்த வால்வு, கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார். இப்போது சத்தம் மாறியிருப்பது எங்கே என்று தெரியவில்லை, அவளிடமா, இந்த அறையிலா, இந்தக் கைக்குள்ளா. அந்தக் கையை அவர் ரொம்ப நாளைக்குப் பிறகு நன்றாகப் பார்த்தார், பார்க்கப் பார்க்க அதுவும் அவளோடு சேர்ந்துகொண்ட ஆள் மாதிரித் தோன்றியது, அவளுக்கு உள்ளாள்.

டெல்பின் எழுந்து வந்து பழைய மோட்டாரைப் பிளந்தாள். அதன் காந்தத்தை உருவி, தையல் நூலில் கட்டித் தொங்கவிட்டு, கோலம் போடுகிறவள் போலத் தரைமேல் ஓட்டினாள். ஒரு ஊக்கு வந்தது, ஒரு ஸ்டேப்ளர் பின் வந்தது, சிலிர்த்துக்கொண்ட இரும்புப் பொடி வந்தது. “உங்க மேல தெறிச்சிருக்குமா,” என்று அவர் காலடி, வேட்டி மடிப்பு, மடி என்று காந்தத்தை நகர்த்திக்கொண்டே வந்தாள். வேண்டாம் என்று சொல்ல அவர் வாயெடுப்பதற்குள் தலையணைக்கு வந்துவிட்டது. வலது கையின் ஓரத்தில், சுண்டுவிரல் மடிந்து உட்கார்ந்திருந்த சந்தில், காந்தம் டக்கென்று ஒட்டிக்கொண்டது. நூல் சிக்கிவிட்டது என்று நினைத்து அவள் இழுத்தாள். வரவில்லை. தொலைநோக்கியைக் கண்ணுக்கு இறக்கிக்கொண்டு, அவர் கையைத் தன் கையில் வாங்கி, விரல்களை ஒவ்வொன்றாக, பயந்த குழந்தையின் வாயைத் திறப்பதுபோலத் திறந்தாள். சுண்டுவிரல் மடிப்புக்கு அடியில் ஸ்குரு தலையைக் காட்டிக்கொண்டிருந்தது. அதன் உடம்பு சதைக்குள் இறங்கியிருந்தது. விரல்கள் இறுக இறுக உள்ளே போயிருக்கிறது. சுற்றிலும் ரத்தம், தலையணை உறையிலும் ஒரு தீற்றல், வழவழப்பு என்று அவர் தடவிப் பார்த்தது அதுதான். அவர் பதில்களைத் திரட்டிக்கொண்டார். எப்படி வந்ததென்றே தெரியலை. காத்துல பறந்திருக்கும். நீதான் தலையணையைச் சரிபண்ணினாய். மூன்றும் நாக்கு நுனியில் நின்றன. அவள் அதைக் கேட்கவில்லை.

“வலிக்கலையா மாமா?” என்றாள்.

அவர் குனிந்து பார்த்தார். பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. சதைக்குள் இரும்பு. கொஞ்ச நேரமாக இருந்திருக்கிறது. எறும்பு ஊர்வது போலக்கூட ஒன்றும் இல்லை, குளிர்ச்சி இல்லை, சூடு இல்லை. ராத்திரி பகல் பந்தை அமுக்கினாரே, பந்து அங்கே இருந்ததா என்பதையும் இத்தனை நாள் கண்ணால் பார்த்துத்தானே தெரிந்துகொண்டார். “இல்ல,” என்றார். அவள் தொலைநோக்கியைக் கழற்றித் துணிமேல் வைத்தாள். கண் தெரிந்தது. சிவந்திருந்தது, இப்போது சிவந்ததில்லை, காலையிலிருந்தே சிவந்திருக்க வேண்டும். பூசையிலேயே அழுதிருப்பாள். அப்போதுதான் அவருக்கு எல்லாச் சத்தமும் ஒரே இடத்திலிருந்து வருவது கேட்டது, அடுக்களையில் தணிந்த குரல், திறந்துவிட்ட குழாய், மேசையை எடுத்துரலாம், இன்றைக்குச் சொல்லிரலாம், ரெண்டு மாதம் பொறுக்காத இந்த மோட்டார்.

“டாக்டர் என்ன சொன்னாரு?”

“எந்த டாக்டர் மாமா...”

“டெல்பி. நீ சொன்னா நம்புதேன்.”

அவள் அவர் கையை விடாமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். “உணர்ச்சி திரும்பாதுன்னுட்டாரு மாமா. மடக்கமும் இனி நிமிராதாம். எதையும் பிடிச்சு வேலை செய்ய வராதுன்னு.”

“எப்ப?”

“ஈஸ்டருக்கு முன்னாடி. உங்க மகனுக்கு உங்கள்ட்டச் சொல்ல முடியலை. ஆஸ்பத்திரியிலருந்து வரும்போது கார ஓரமா நிப்பாட்டி அழுதாக. இந்த மேசையப் பாத்துப் பாத்து நீங்க ஏங்குவியன்னு மேசையையே எடுத்துரலாம்னாக. நாந்தான், கெடக்கட்டும், ஓட வச்சுருவோம், இடது கையால ஓட்டட்டும்னு சொன்னேன். அதுலயே எங்களுக்குச் சண்டை.” பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்தாள். சாமணத்தால் ஸ்குருவைப் பற்றி, பல்லை எடுப்பதுபோல நேராக, ஒரே இழுப்பில் எடுத்தாள். “கோவமா மாமா?”

கோபம்தானா என்று அவர் தேடிப் பார்த்தார். ஈஸ்டருக்கு முன்னாலேயே தெரியும். தெரிந்துகொண்டு அந்தப் பயல் தினமும் சாயங்காலம் சட்டைகூட மாற்றாமல் எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, இந்தக் கையில் பந்தை வைத்து, தானே தன் விரல்களால் இந்த விரல்களை அமுக்கிவிட்டு, நேத்தைக்கு இன்னைக்குத் தேவல இல்லப்பா என்று கேட்டிருக்கிறான். எண்ணெயில் தண்ணீரைக் கண்டுபிடித்தவர் அவன் முகத்தில் ஒன்றையும் கண்டுபிடிக்கவில்லை. சந்தேகத்தையெல்லாம் சேர்த்து இந்தப் பெண்ணின்மேல் கொட்டிவிட்டு அவனை விட்டுவிட்டார். சின்ன வயசில் அவனுக்குப் பொய் சொல்லவே வராது, காது சிவந்துவிடும். எவ்வளவு கஷ்டப்பட்டுப் பழகியிருப்பான். மேசைமேலிருந்த எஞ்சினைப் பார்த்தார். “அந்த மோட்டாரைத் திருப்பிப் போடு,” என்றார்.

“என்ன மாமா?”

“எழுத்து மேல வரணும். தலைகீழாப் போட்டிருக்க. பின்னால ஓடும்.”

அவள் எஞ்சினைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். “இவ்வளவு நேரம் பாத்துக்கிட்டுத்தான இருந்திய?”

“இப்பதான சொல்லுதேன்.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது, மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். கையில் பிளாஸ்திரி போட்டுவிட்டு, முதல் ஸ்குருவைத் திரும்பவும் கழற்றி, மோட்டாரைப் புரட்டி வைத்தாள். “இடது கையக் குடுங்க, இந்த ரெண்டு பாதியவும் சேத்துப் பிடிங்க,” என்றாள். பிடித்தார். உலோகம் குளிர்ந்திருந்தது. அதன் ஓரம் பெருவிரலில் குத்தியது. சந்துக்குள் பைக் திரும்புகிற சத்தம் கேட்டது. அவர் குரலைத் தணித்துக்கொண்டார், “அவன்ட்ட எனக்குத் தெரியும்னு சொல்லாத.” “ஏன் மாமா, அவுக பாரத்தையும் இறக்கி வச்சுருவாகள்லா?” “கொஞ்ச நாள் போவட்டும். நானே சொல்லிக்கிடுதேன். அதுவரைக்கும் சொல்லாத.” அவள் முதல் ஸ்குருவை வைத்துத் திருகினாள். கேட் திறந்தது, ரினோல்ட் வியர்த்துப்போய் உள்ளே வந்தான், வாசலிலேயே நின்று முதலில் அவளைப் பார்த்தான், சொல்லிவிட்டாயா என்று கேட்கிற பார்வை, அதை இன்றைக்குத்தான் அவரால் படிக்க முடிந்தது. அவள் தொலைநோக்கியை மாட்டிக்கொண்டு குனிந்திருந்தாள்.

“என்னப்பா கையில பிளாஸ்திரி?”

“கீறிட்டு. சுருக்குன்னு இருந்துச்சு,” என்றார் பெல்லார்மின். நாக்கு வழுக்காமல் வந்தது. “நேத்தைக்கு இன்னைக்குத் தேவல.”

ரினோல்டின் முகம் ஒரு கணம் என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே நின்றது. பிறகு, “அப்படியாப்பா,” என்றான், காது சிவந்திருந்தது, “சுருக்குன்னு இருந்துச்சா,” என்று கிட்டே வந்தான். டெல்பின் இரண்டாவது ஸ்குருவைக் கடைசிச் சுற்றுத் திருகிவிட்டுக் கூட்டை மாட்டி, எஞ்சினைத் தண்டவாளத்தில் ஏற்றினாள். அவர் இடது கையால் குமிழைத் திருப்பினார். எஞ்சின் ஒரு தடவை உதறிக்கொண்டது, நின்றது, பிறகு மூச்சு வந்ததுபோல நகர்ந்தது, முன்னால்தான் நகர்ந்தது. ரினோல்ட் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். மேசையின் வளைவைச் சுற்றி அது வந்துகொண்டேயிருக்க, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கத் தேவையில்லாமல் மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.